கோட்டும் டையும் கட்டிய சுவர்

ஹாலண்ட்-அமெரிக்கா நிறுவனம் 1959இல் சேவையில் இறக்கிய ‘ரோட்டர்டாம்’ கப்பலின் நடுவே ஒரு விநோதமான படிக்கட்டு இருந்தது. பார்வைக்கு ஒன்று, உண்மையில் ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் இரண்டு. முதல் வகுப்புக்காரர் ஒன்றில் ஏற, சுற்றுலா வகுப்புக்காரர் மற்றதில் இறங்குவார். இடையில் இருந்த தடுப்பால் ஒருவர் இருப்பதே மற்றவருக்குத் தெரியாது. ஐரோப்பாவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஆள் ஏற்றிச் செல்லும் மாதங்களுக்குத்தான் இந்த ஏற்பாடு. குளிர்காலத்தில் அதே கப்பல் உல்லாசப் பயணம் கிளம்பும்போது நகரும் தடுப்புகளை விலக்கிவிடுவார்கள். கப்பல் முழுவதும் ஒரே வகுப்பாகிவிடும். எதிரெதிரே வரவே கூடாது என்று பொறியாளர்கள் மெனக்கெட்டுப் பிரித்துவைத்த மனிதர்கள் இப்போது ஒரே கூடத்தில் உட்கார்ந்து காபி குடிக்கலாம். அப்படியானால், அதுவரை தடுப்பு செய்துவந்த வேலையை இனி எது செய்தது? எந்த இரவில் என்ன உடுத்துவது, யாருடன் எந்த மேசையில் உட்காருவது, எந்த நாற்காலி யாருடையது, யாருக்கு எவ்வளவு டிப்ஸ் கொடுப்பது என்று நீளும் உல்லாசக் கப்பலின் நடத்தை விதிகள் இந்தக் கேள்விக்குப் பதிலாகவே வளர்ந்தன என்பது என் வாதம். வகுப்புச் சுவர் இறங்கிய இடத்தில் நாகரிகம் ஒரு சுவராக ஏறியது. நாகரிகம் தளர்ந்தபோது விலை அந்த இடத்தைப் பிடித்தது.

ஆரம்ப நீராவிக் கப்பல்களில் நாகரிகத்துக்கு அதிக வேலை இருக்கவில்லை. க்யூனார்ட் நிறுவனத்தின் ‘பிரிட்டானியா’ 1840இல் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியபோது அதில் 115 பேருக்குத்தான் இடம். பாலுக்காக ஒரு பசுவும் கூடவே போயிற்று. தபால் சுமப்பதுதான் அந்தக் கப்பலின் முதல் தொழில், மனிதர்கள் உபரி. 1842இல் அதில் அமெரிக்கா சென்ற சார்லஸ் டிக்கன்ஸ் தனக்குக் கிடைத்த கேபினின் அளவைக் கண்டு திகைத்து, பின்னால் அதைப் புத்தகத்தில் கேலி செய்து தீர்த்துக்கொண்டார். அக்காலத்து விதிகளில் நெருப்புப் பயம்தான் மிகுதி: கப்பல் மரம், விளக்கு மெழுகுவத்தி, ஆகவே நள்ளிரவுக்குள் கேபின் விளக்குகள் அணைய வேண்டும். அடுத்த அரை நூற்றாண்டில் கப்பல்கள் இரும்பாகி, எஃகாகி, பெருத்தன. அவற்றின் அடிவயிற்றை நிரப்பியவர்கள் ஐரோப்பாவைவிட்டுக் குடிபெயர்ந்த ஏழைகள். ஸ்டீரேஜ் எனப்பட்ட அந்த அடித்தட்டுப் பயணிகளின் கட்டணம்தான் கம்பெனிகளுக்குச் சோறு போட்டது. அவர்களையும் மேல்தளத்துக் கனவான்களையும் பிரித்து வைத்தவை இரும்புக் கதவும் சட்டமும். நோய் பரவும் என்ற அச்சத்தில், மூன்றாம் வகுப்பினரை மற்றவர்களோடு கலக்கவிடக் கூடாது என்று அமெரிக்கக் குடியேற்றச் சட்டமே நிபந்தனை போட்டது. 1912இல் ‘டைட்டானிக்’ மூழ்கியபோது முதல் வகுப்பில் ஏறத்தாழ அறுபது சதவீதம் பேர் பிழைத்தார்கள், மூன்றாம் வகுப்பில் நாலில் ஒருவர். சுவர் அவ்வளவு கனமாக நின்ற கப்பலில் ஒரே பக்கம் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவர்கள். ஒருவரை ஒருவர் எடைபோட அவர்களுக்குப் புதிய விதி ஏதும் தேவைப்படவில்லை.

வகுப்புகளே இல்லாத கப்பலில் முன்பின் தெரியாதவர்களோடு மாதக்கணக்கில் இருப்பது எப்படி என்ற கவலை 1867இல் நியூயார்க்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்கும் புனித பூமிக்கும் கிளம்பிய ‘குவேக்கர் சிட்டி’யில் அப்பட்டமாகத் தெரிந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கடற்படைக்கு உழைத்துவிட்டு வந்த துடுப்புச் சக்கரக் கப்பல் அது. பயணக் கட்டணம் 1,250 டாலர். அந்தக் காலத்துக்குப் பெரிய தொகை. ஆனால் பணம் மட்டும் போதாது. விண்ணப்பிப்பவர் தகுதியானவர்தானா என்று ஒரு குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். புகழ்பெற்ற போதகர் ஹென்றி வார்டு பீச்சரும் அந்தப் போரில் பெயர்பெற்ற ஜெனரல் ஷெர்மனும் வருவதாகப் பேச்சு அடிபட்டது, இருவரும் வரவில்லை. வந்தவர்களில் கணிசமானோர் வயதானவர்கள், பக்திமான்கள். மாலை நேரங்கள் பிரார்த்தனைக் கூட்டங்களில் கழிந்தன. பத்திரிகை ஒன்று கட்டணம் கட்டி அனுப்பிய ஒரு நையாண்டிக்காரர் எப்படியோ இந்தச் சல்லடைக்குத் தப்பி ஏறிவிட்டார். மார்க் ட்வைன் அந்தப் பயணத்தைப் பற்றி 1869இல் வெளியிட்ட ‘தி இன்னசென்ட்ஸ் அப்ராட்’ அவரைப் பணக்காரராக்கியது, சக பயணிகள் சிலரை அவருக்கு விரோதிகளாக்கியது. அவருடைய கிண்டலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் குழு. கப்பலுக்குள் சுவர் இல்லையென்றால், கரையிலேயே ஒரு வாயிற்காவலன் வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் நினைத்தார்கள். நூறு பேருக்கும் குறைவான பயணிகளுக்கு அது நடக்கும். ஆயிரக்கணக்கானவர்களுக்கு டிக்கெட் விற்க வேண்டிய தொழிலில் ஒவ்வொருவரையும் குழு உட்கார்ந்து விசாரிக்க முடியாது.

அந்தத் தொழிலைத் தொழிலாக்கியவர் ஹாம்பர்க்-அமெரிக்கா நிறுவனத்தின் ஆல்பர்ட் பாலின். அவருடைய சிக்கல் எளிமையானது: குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் பயணம் செய்ய யாரும் விரும்புவதில்லை, பெரிய கப்பல்கள் துறைமுகத்தில் நின்று நஷ்டம் தின்றன. 1891 ஜனவரியில் ‘ஆகுஸ்டா விக்டோரியா’வை 241 பயணிகளோடு மத்தியதரைக் கடலைச் சுற்றிவர அனுப்பினார். போக வேண்டிய ஊர் என்று எதுவுமில்லாமல், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவதற்காகக் கப்பலேறுவதா என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். இடங்கள் நிரம்பின. பத்தாண்டுக்குள் பாலின் அடுத்த அடியை வைத்தார். 1901இல் பயணம் தொடங்கிய ‘பிரின்ட்செஸ்ஸின் விக்டோரியா லூயிசே’ உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட கப்பல். 120 கேபின்கள், அத்தனையும் முதல் வகுப்பு; ஸ்டீரேஜ் இல்லை, சரக்கு இல்லை. ஆறாண்டுக்குள் ஜமைக்கா கடற்கரையில் தரைதட்டி அழிந்தாலும், ஒரே வகுப்புக் கப்பல் என்ற யோசனை அழியவில்லை. அதன் உட்பொருளைக் கவனிக்க வேண்டும். எல்லாரும் முதல் வகுப்பு என்றால், முதல் வகுப்பு என்ற தகுதிக்கே மதிப்பில்லை. பரம்பரைச் சீமானும் சாக்லேட் வியாபாரியும் ஒரே விலைக்கு ஒரே மாதிரிப் படுக்கையில் படுக்கிறார்கள். தன்னை வேறுபடுத்திக் காட்ட சீமானுக்கு இனி மீதமிருப்பது நடத்தைதான். தானும் அந்த வட்டம்தான் என்று காட்ட வியாபாரிக்கும் அதுவேதான் கருவி.

இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் இந்தக் கருவி எவ்வளவு நுணுக்கமாகத் தீட்டப்பட்டது என்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அனுபவசாலியான பயணி கப்பலில் கால் வைத்ததும் கேபினைத் தேடிப் போக மாட்டார். முதலில் தலைமை ஸ்டீவர்டிடம் போய்ச் சாப்பாட்டு மேசையில் இடம் சொல்லிவைப்பார், ஏனென்றால் அன்று கிடைக்கும் மேசைதான் பயணம் முடியும்வரை. மோசமான மேசைத் தோழர்களோடு மூன்று வேளையும் முகம் பார்த்துச் சாப்பிட வேண்டிவரும். அடுத்து மேல்தள ஸ்டீவர்டைப் பிடித்து ஒரு சாய்வு நாற்காலியை வாடகைக்கு எடுப்பார். அதில் அவர் பெயர் எழுதிய அட்டை செருகப்படும், பிறகு அது காலியாகக் கிடந்தாலும் வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. கேபினோடு குளியலறை இல்லாத காலத்தில் குளிப்பதற்கும் நேரம் குறித்துக்கொடுக்க ஒரு ஸ்டீவர்ட் இருந்தார். பயணிகளின் பெயர்ப் பட்டியல் அச்சாகிக் கேபினுக்கு வரும். யார் யார் இருக்கிறார்கள் என்று விரல் வைத்துப் படிப்பது முதல் நாள் பொழுதுபோக்கு. தொழில்முறைச் சூதாடிகள் பயணிகளைப் போல ஏறியிருக்கக்கூடும், சீட்டாட்டத்தில் எச்சரிக்கை என்ற அறிவிப்பும் அதே பட்டியலில் அச்சிடப்பட்டிருந்தது. கோட்டையும் டையையும் பார்த்து மனிதரை நம்பினால் என்ன ஆகும் என்பது கம்பெனிகளுக்கே தெரிந்திருந்தது. முதல் இரவும் கடைசி இரவும் விருந்து உடை கிடையாது, பெட்டிகள் கட்டிய நிலையில் இருக்கும் என்பதால். நடுவில் வரும் இரவுகளில் கறுப்பு கோட்டு இல்லாமல் சாப்பாட்டு அறைக்கு வருவது அவமானம். கேப்டனின் மேசையில் இடம் கேட்டு வாங்கக் கூடாது, அழைப்பு வந்தால் மறுக்கவும் கூடாது. பக்கத்து நாற்காலிக்காரரோடு யாரும் அறிமுகம் செய்துவைக்காமலே பேசலாம், ஆனால் அந்தப் பழக்கத்தைக் கரையில் உரிமையாகக் கொண்டாடக் கூடாது. அமெரிக்காவில் எமிலி போஸ்ட் 1922இல் எழுதிய நடத்தை நெறிப் புத்தகம் நீராவிக் கப்பலையும் விடவில்லை. உடையிலிருந்து டிப்ஸ்வரை அதில் சொல்லப்பட்டது. ஒன்றைப் புத்தகம் வாங்கிப் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை வந்துவிட்டது என்றால், அது பிறப்பால் தெரிந்திராத பெருங்கூட்டம் கப்பலேறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். இவையெல்லாம் லண்டன், பாரிஸ் விருந்து அறைகளில் ஏற்கெனவே இருந்த பழக்கங்கள்தானே, கப்பல் அவற்றைச் சுமந்து சென்றதே தவிர உண்டாக்கவில்லையே என்பார்கள். கறுப்பு கோட்டு கரையிலிருந்து வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் கரையில் ஒரு விருந்து பிடிக்காவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போகலாம். ஓட்டலில் பக்கத்து அறைக்காரர் சரியில்லை என்றால் வேறு ஓட்டல் இருக்கிறது. கப்பலில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. அதனால்தான் கப்பலுக்கே உரிய விதிகளை எடுத்துப் பார்த்தால் அவை பெரும்பாலும் தூரத்தை நிர்வகிக்கும் விதிகளாக இருக்கின்றன: பெயர் அட்டை செருகிய நாற்காலி, பயணம் முழுவதும் மாறாத மேசை, குறித்த நேரத்தில் குளியல், கரையில் செல்லுபடியாகாத சிநேகம். எந்தச் சீமாட்டியின் வரவேற்பறையிலும் நாற்காலிக்குப் பெயர் எழுதி வைத்ததில்லை. கரையிலிருந்து வந்த பழக்கமும் கப்பலில் வேறு வேலை செய்தது. வீட்டு விருந்தில் விருந்து உடை அழைத்தவருக்குச் செய்யும் மரியாதை. கப்பலில் அழைத்தவர் என்று யாருமில்லை, எல்லாரும் காசு கொடுத்தவர்கள். அங்கே அந்த உடை, தான் யார் என்று மற்றவர்களுக்குக் காட்டும் அடையாளம்.

இன்னொரு மறுப்புக்குக் கூடுதல் வலு உண்டு. கடல் ஆபத்தானது, அங்கே ஒழுங்கு என்பது உயிர் காக்கும் விஷயம், அதைச் சமூக அந்தஸ்து விளையாட்டாகச் சுருக்கக் கூடாது என்பது அது. கப்பல் நாகரிகத்தின் மகுடமாகச் சொல்லப்படும் ‘பெண்களும் குழந்தைகளும் முதலில்’ என்ற நெறியை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். 1852இல் தென்னாப்பிரிக்கக் கடலோரம் மூழ்கிய ‘பர்கன்ஹெட்’ என்ற படைக் கப்பலில் சிப்பாய்கள் அணிவகுத்து நின்று படகுகளை விட்டுக்கொடுத்தது உண்மை. டைட்டானிக்கிலும் பெண்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஆனால் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் இருவர் பதினெட்டுக் கப்பல் விபத்துகளின் கணக்கை எடுத்து 2012இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. பொதுவாகப் பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே பிழைத்திருக்கிறார்கள், கேப்டனும் மாலுமிகளும் பயணிகளைவிட அதிகமாகப் பிழைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு கப்பல்களும் விதிவிலக்கு. அதே 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, பயணிகள் எல்லாரும் இறங்குவதற்கு முன்பே கேப்டன் இறங்கிவிட்டார். அவருக்குப் பிற்பாடு பதினாறாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அன்று புதிதாக ஏறியிருந்தவர்களுக்கு உயிர்காப்புப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. ஏறிய இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றுதான் விதி சொன்னது. கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று பன்னாட்டு விதி மாறியது அதன் பிறகுதான். எந்த இரவில் எந்த கோட்டு என்று பத்திபத்தியாக அச்சிட்டுத் தந்த தொழில், உயிர்காப்பு அங்கியை எப்போது மாட்டிப் பார்ப்பது என்பதில் சட்டம் விட்டுவைத்த இடைவெளியோடு நின்றுகொண்டது. கடல் ஒழுங்கு வேறு, கப்பல் நாகரிகம் வேறு.

நாகரிகம் சுவராக நின்றபோது அதன் மறுபக்கம் இருந்தவருக்கு அது எப்படித் தெரிந்தது என்பதற்கு நமக்கு நன்கு அறிமுகமான சாட்சி ஒருவர் உண்டு. 1888 செப்டம்பரில் பம்பாயிலிருந்து ‘கிளைட்’ கப்பலில் புறப்பட்ட பதினெட்டு வயது மோகன்தாஸ் காந்தி, கடல் கடந்ததற்காகச் சாதியிலிருந்து விலக்கப்பட்டவர். கரையின் சுவரைத் தாண்டி வந்து கப்பலின் சுவரில் முட்டிக்கொண்டார். ‘சத்திய சோதனை’யில் அதை அவரே விவரிக்கிறார். கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது, உணவுப் பட்டியலில் எது மாமிசம் இல்லாதது என்று கேட்கத் துணிச்சல் இல்லை, ஆகவே கையோடு கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் கேபினிலேயே வைத்துச் சாப்பிட்டார். யாரும் அவரைச் சாப்பாட்டு அறைக்கு வராதே என்று சொல்லவில்லை. உடன் வந்த ஜுனாகத் வக்கீல் மஜும்தார் எல்லாரோடும் பழகச் சொல்லி வற்புறுத்தினார், ஓர் ஆங்கிலேயப் பயணி அன்பாகவே பேசி, பிஸ்கே விரிகுடா வந்தால் மாமிசம் இல்லாமல் முடியாது என்றார். கதவு திறந்தே இருந்தது. உள்ளே போகத்தான் கால் வரவில்லை. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1931இல், வட்டமேசை மாநாட்டுக்காக ‘ராஜ்புதானா’ கப்பலில் அதே மனிதர் இடுப்பு வேட்டியோடு இரண்டாம் வகுப்பில் போனார். மேல்தளத்தில் எல்லார் கண்ணெதிரே உட்கார்ந்தார், பிரார்த்தனை நடத்தினார். தன் குழுவினர் தேவைக்கு மேல் கொண்டுவந்த பெட்டிகளை ஏடனிலிருந்து திருப்பி அனுப்பவைத்தார். வெள்ளைக்காரப் பயணிகள் அவரைத் தேடி வந்தார்கள். கப்பலின் உடை விதி அப்போது இல்லாமல் போய்விடவில்லை. அதை மீறினாலும் மதிப்புக் குறையாத இடத்துக்கு அவர் வந்திருந்தார், அவ்வளவுதான். கற்றுக்கொண்டால் எவரும் தாண்டலாம் என்று நாகரிகச் சுவர் சொல்லும் வாக்குறுதி வெள்ளைத் தோலுக்கு ஓரளவு நிறைவேறியது. மற்றவர்கள் தாண்டுவதற்கு உலகப் புகழ் வேண்டியிருந்தது.

நாகரிகத்தை யாரிடம் கம்பெனி எதிர்பார்க்கவே இல்லை என்பதும் ஒரு சான்றுதான். ‘ரஜுலா’ என்ற பெயர் மலேயா, சிங்கப்பூர் போன தமிழ்க் குடும்பங்களில் இன்றும் நினைவிருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் இந்தக் கப்பல் 1926இலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. கட்டப்பட்டபோது கேபின் பயணிகள் சில பத்துப் பேர், தளப் பயணிகள் ஐயாயிரத்துக்கும் மேல் ஏற்ற அனுமதி. தளப் பயணிக்கு டிக்கெட் தந்தது படுக்கையை அல்ல, தரையில் இத்தனை அடி இடத்தை. பாய் அவர் கொண்டுவர வேண்டும். காலனி அரசு இவர்களுக்காகத் தனிச் சட்டமே இயற்றி, எத்தனை அடி இடம், எவ்வளவு தண்ணீர் என்று அளந்து வைத்திருந்தது. எந்த உடையில் சாப்பிட வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, எந்த ஸ்டீவர்டும் நாற்காலியில் அவர்கள் பெயரைச் செருகவில்லை. காரணம் தாராள மனம் என்று நினைக்க முடியாது. கேபின் தளத்துக்கும் அவர்களுக்கும் இடையே கம்பி நின்றதால், அவர்களுடைய நடத்தை கம்பெனியின் வருமானத்தைத் தொடவில்லை.

இரண்டு உலகப் போர்களுக்கு இடையே இந்தக் கதை பல கிளைகளாகப் பிரிகிறது. 1921, 1924 சட்டங்களால் அமெரிக்கா குடியேற்றக் கதவைச் சாத்தியபோது ஸ்டீரேஜ் காலியாயிற்று. கம்பெனிகள் அதை வெள்ளையடித்து, பெயர் மாற்றி, மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மலிவு விலையில் விற்றன. அமெரிக்காவில் மதுவிலக்கு வந்ததும் ‘ரிலையன்ஸ்’, ‘ரெசல்யூட்’ என்ற இரண்டு அமெரிக்கக் கப்பல்கள் பயணிகளுக்கு மது ஊற்ற வேண்டி 1922இல் பனாமாக் கொடிக்கு மாறின. அன்று குடிக்காகத் திறந்த அந்த வாசல் பின்னால் கூலிக்காகப் பயன்பட்டது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இங்கே நிற்க வேண்டிய இடம் ஜெர்மனி. சுவரே இல்லாத கப்பலைக் கட்டிக் காட்டியதாக மார்தட்டியவர்கள் நாஜிகள்தான். தொழிலாளர்களுக்கு மலிவு விலையில் கடல் சுற்றுலா தந்த அவர்களுடைய அமைப்பு 1938இல் ஓட்டிய ‘வில்ஹெல்ம் குஸ்ட்லோஃப்’ ஒரே வகுப்பு. பயணிகளின் கேபின்கள் ஒரே தரம், சீட்டுக் குலுக்கி ஒதுக்கினார்கள். நாகரிகச் சுவரும் இல்லை, விலைச் சுவரும் இல்லை. பதிலாக, பயணிகளின் பேச்சையும் நடத்தையையும் கவனித்து அறிக்கை எழுத உளவாளிகள் பயணிகள் வேடத்தில் ஏறியிருந்தார்கள். நியாயமாகப் பார்த்தால் இது என் வாதத்துக்கு மிகக் கோரமான உறுதிப்பாடு. இப்படி ஓர் உறுதிப்பாடு கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

ஜெட் விமானங்கள் 1958இல் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதும் பழைய தொழில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் செத்தது. இரண்டு வகுப்புகளோடு 1961இல் வந்த ‘கான்பெரா’ 1973இல் ஒரே வகுப்பு உல்லாசக் கப்பலாயிற்று. மயாமியில் 1972இல் டெட் அரிசன் தொடங்கிய கார்னிவல் நிறுவனத்தின் முதல் கப்பல் ‘மார்டி கிரா’ முதல் பயணத்திலேயே மணல் திட்டில் தரைதட்டி நின்றது. ஆனாலும் கொண்டாட்டக் கப்பல் என்று தன்னை விளம்பரப்படுத்தி அது கறுப்பு கோட்டின் மேல் முதல் பெரிய அடியைக் கொடுத்தது. இரண்டாவது அடி 2000இல். நார்வேஜியன் நிறுவனம் குறித்த மேசை, குறித்த நேரம், கட்டாய உடை எல்லாவற்றையும் எடுத்துவிட்டது: விரும்பிய நேரத்தில், விரும்பிய உணவகத்தில், விரும்பிய உடையில். இதைக் கப்பலின் ஜனநாயகம் என்று கொண்டாடியவர்களுக்கும், அரைக்கால் சட்டையோடு இரவு உணவுக்கு வருகிறார்களே என்று புலம்பியவர்களுக்கும் ஒரு விஷயம் பொது: இருவரும் சுவர் விழுந்துவிட்டதாக நம்பினார்கள். ஆனால் சுவர் விழவில்லை, விலையாக மீண்டும் எழுந்தது. எம்எஸ்சி நிறுவனம் 2008இல் இறக்கிய ‘ஃபான்டாசியா’வின் முன்பகுதி மேல்தளங்களில் தனி நீச்சல் குளம், தனிக் கூடம், தனிப் பணியாளர்களோடு ஒரு பகுதி பூட்டி வைக்கப்பட்டது, கூடுதல் விலை கொடுத்தவரின் அட்டைக்கு மட்டும் கதவு திறக்கும். நார்வேஜியன் கப்பல்களிலும் அப்படியொரு வளாகம் வந்தது. 2024இல் வந்த ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ 7,600 பயணிகள்வரை ஏற்றுகிறது, அதிலும் மேல்விலைக்காரர்களுக்குத் தனிப்பேட்டை. உடை விதியை இன்னும் கைவிடாத ‘குவீன் மேரி 2’வில்கூட விருந்து இரவுகளில் விதிப்படி உடுத்த விரும்பாதவர்கள் பஃபே உணவகம் போன்ற சில இடங்களோடு நின்றுகொள்ள வேண்டும்.

விலைச் சுவரைவிட நாகரிகச் சுவர் மேலானது என்று சொல்லும் பழமை விரும்பியாக என்னை யாரும் நினைக்க வேண்டாம். காந்தியின் கேபின் கதவு அதற்குப் போதுமான பதில். ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாகரிகத்தைக் கடன் வாங்கலாம், புத்தகம் படித்துக் கற்கலாம், ஒரே பயணத்தில் பார்த்துப் பழகலாம். அது எல்லாரிடமும் ஏதோ ஒன்றைக் கேட்டது. விலை எதையும் கேட்பதில்லை. சுவருக்கு வெளியே நிற்கும் ஆயிரக்கணக்கானோருக்கும் தங்களுக்குள் பொதுவான விதி என்று எதுவும் மிஞ்சவில்லை. நீச்சல் குளத்தோரச் சாய்வு நாற்காலிச் சண்டை அங்கிருந்துதான் பிறக்கிறது. விடிகாலையில் துண்டை விரித்துப்போட்டு இடம் பிடித்துவிட்டு, பத்து மணிக்கு வருகிறவர்களால் கம்பெனிகளுக்குத் தலைவலி. ஆளில்லாத துண்டை அரை மணி, நாற்பது நிமிடம் கழித்து அகற்ற ஊழியர்களை நிறுத்த வேண்டியிருக்கிறது. நூறாண்டுக்கு முன் ஒரு பெயர் அட்டையும் சிறு வாடகையும் இந்தச் சண்டையைத் தீர்த்துவைத்திருந்தன.

எல்லா மாற்றத்திலும் அசையாமல் நின்ற சுவர் ஒன்று உண்டு: பயணிக்கும் பணியாளுக்கும் நடுவில் இருப்பது. பிரிட்டிஷ் நிறுவனமான பி அண்ட் ஓவின் பழைய கப்பல்களில் கோவாக்காரர்கள் மேசையில் பரிமாறினார்கள், லஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகள் தளம் கழுவினார்கள். இன்று பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியாவிலிருந்து வருகிறார்கள். மது ஊற்றுவதற்காகத் தொடங்கிய வெளிநாட்டுக் கொடி வழக்கத்தால், அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து அமெரிக்கர்களை ஏற்றிச் செல்லும் கப்பலுக்குப் பஹாமாஸ் அல்லது பனாமாச் சட்டம். 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் பன்னாட்டு உடன்படிக்கையின்படியும் ஏழு நாளில் 72 மணி நேரம்வரை வேலை வாங்கலாம். டிப்ஸ் என்ற நாகரிக விதியை இங்கே வைத்துப் பார்த்தால்தான் அது எதற்கு என்று புரியும். பழைய முறையில் பயணத்தின் கடைசி இரவு மேசை ஸ்டீவர்டுக்கும் கேபின் ஸ்டீவர்டுக்கும் கையில் உறை கொடுப்பார்கள். நிலையான மேசை போனதும் நிலையான பரிசாரகரும் போய்விட, நார்வேஜியன் நிறுவனம் அந்தத் தொகையை நாள்கணக்கில் ரசீதிலேயே ஏற்றியது, மற்றவர்களும் பின்பற்றினார்கள். இன்று பெரிய கப்பல்களில் ஆளுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து முதல் இருபது டாலர். கட்டாயம் அல்ல என்று எழுதியிருக்கும். வேண்டாமென்றால் வரவேற்பு மேசைக்குப் போய், வரிசையில் நின்று, நீக்கச் சொல்ல வேண்டும். அப்படி நீக்குவது நாகரிகமா என்று பயணிகள் ஒருவரோடொருவர் கடுமையாக மோதிக்கொள்கிறார்கள். நீக்குபவர் கஞ்சர் என்று ஒரு தரப்பு, சம்பளம் கொடுப்பது முதலாளியின் கடமை என்று மறுதரப்பு. இரண்டாவது தரப்பின் நியாயம் சரி, ஆனால் அதன் செலவு முதலாளியின் கணக்கில் விழுவதில்லை. அந்தப் பயணத்தில் கேபினைத் துடைத்தவருடைய மாத வருமானத்திலிருந்துதான் கழிகிறது. இந்த விவாதத்தில் யார் பக்கம் சேர்ந்தாலும் கம்பெனிக்கு நஷ்டமில்லை. ஊதியக் கேள்வியைப் பயணிகளின் மரியாதைக் கேள்வியாக மாற்றியதில் அதன் வேலை எப்போதோ முடிந்துவிட்டது.